அணையாத கண்கள்

பேயைக் கண்டிருக்கிறீர்களா, தோழர்களே? கண்டதாகக் கூறுவோரைக் கண்டிருப்பீர்கள். அவர்களிடம் சொல்லாடி, அவர்கள் வாயடைத்து நிற்க, வெற்றிப் புன்னகையுடன் வீடு திரும்பியும் இருப்பீர்கள். நானும் அப்படித் திரும்பியவன்தான். ஆனால், அன்று நான் எள்ளி நகையாடிய அந்தப் பேய்க்குச் சொந்தக்காரன் நானே என்பது அப்போது எனக்குத் தெரியாது! பதினோர் இரவுகள் அந்தப் பேயை என் செலவிலேயே வளர்த்து வந்தேன். அதனைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னை உயர்த்திக் காட்ட அன்று, என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ள.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் ஏற்காடு. ஏரியும் காடும் கைகோத்து நிற்பதால் வந்த பெயர் என்பார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரம். 1820களில் சேலம் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளையர், காப்பிச் செடியை இம்மலையில் ஊன்ற வழிசெய்தார். அன்று தொடங்கி, சேர்வராயன் மலைச் சரிவெல்லாம் காப்பித் தோட்டம். காப்பிக்கு நிழல் தர சில்வர் ஓக் மரங்கள். அந்த மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள். கோடையில் வருவோர் படகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மிளகு பறிக்க மரத்தில் ஏறியவர் எப்படி இறங்கினார் என்று அவர்கள் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய நானும் பார்க்கவில்லை என்பதுதான் என் வெட்கம்.

ஏற்காட்டிலிருந்து சில கல் தொலைவில், மலைச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் ஆசிரியன் நான். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். பள்ளிக்கு அருகில் ஓர் அறை. அறைக்கு முன்னே சரிவான சிறு வெளி. அதன் ஓரத்தில் உயர்ந்ததொரு சில்வர் ஓக் மரம். அந்த மரத்தடியில்தான் என் பழைய காரை நிறுத்துவேன். பலர் கைமாறி, கடைசியில் என் கைக்கு வந்த கார். முகம் என் அறையைப் பார்த்து நிற்கும். முதுகு பள்ளத்தைப் பார்த்து நிற்கும். பள்ளத்தின் அப்பால், காப்பிச் செடிகளுக்கு இடையே ஒற்றையடிப் பாதை. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து மாணவர்கள் வீடு திரும்பும் பாதை அது.

சனவரித் தொடக்கம். பகல் நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும் நாட்கள். ஒரு காலையில் காரைக் கிளப்பச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது, அதற்கு மேல் ஓசையில்லை. பேட்டரி உயிரற்றுக் கிடந்தது. சரிவு இருந்ததே, போதாதா? இரண்டு மாணவர்கள் தள்ளினர். இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன். குலுங்கிக் கிளம்பியது கார். மறுநாள் காலையிலும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே கதை. சமவெளியில் இருந்திருந்தால் சிந்தித்திருப்பேன். சரிவு கைகொடுத்ததால் சிந்தனைக்கு வேலையில்லாமல் போயிற்று. நம் நாட்டில் எத்தனையோ கேடுகள் நெடுநாள் நீடிப்பது இப்படித்தான் அல்லவா? தள்ளிவிட நாலு பேர் கிடைக்கும்வரை, 'ஏன்' என்று எவரும் கேட்பதில்லை.

அந்த மூன்றாம் நாள் மாலையில் தேநீர்க்கடையில் ஒரு பேச்சு. "ஓக் மரத்தாண்ட ராவெல்லாம் ரெண்டு செவப்புக் கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்குது. கோழி கூவுற நேரத்துலதான் மூடுது" என்றார் ஒருவர். விட்டேனா நான்? கண்ணுக்கு ஒளி வேண்டும், ஒளிக்கு எரிபொருள் வேண்டும், செத்தவர் கண்ணுக்கு எரிபொருள் ஊற்றுவது யார் என்று அடுக்கடுக்காய்க் கேட்டேன். சிரித்தேன், என்னுடன் இரண்டு இளைஞர்களும் சிரித்தனர். சொன்னவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அறிவு வென்றது என்று எண்ணிக்கொண்டேன். வென்றது அறிவன்று, என் வாய்! அன்றிலிருந்து அந்தக் கண்களைப்பற்றி என் காதுபட எவரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் சேலத்திற்கு இறங்கினேன். மலைப்பாதையில் என் பின்னே வந்த பேருந்து, ஒரு வளைவில் என் கார்மீது மோதுவதுபோல் நெருங்கி, கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினார். கையை ஆட்டி என் வண்டியின் பின்புறத்தைக் காட்டினார். வசைமொழி என்று எண்ணிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். கீழே ஒரு பட்டறையில் காட்டினேன். "பேட்டரி கிழடு ஆயிடுச்சு" என்றார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியதை வாங்கிப் பொருத்திக்கொண்டு வந்தேன். இரண்டாம் காலையே அந்தப் புதிய பேட்டரியும் படுத்துவிட்டது! "மலைக் குளிர் அப்படி" என்றார்கள் தொலைபேசியில். நம்பினேன். பக்கத்து வீட்டு முதியவர், "ஒரு எலுமிச்சம்பழம் கட்டிப் பாருங்களேன், வாத்தியாரே" என்றார். சிரித்தேன். எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் பத்து ரூபாயோடு போயிருக்கும். காரணம் கேளாமல் ஒருவர் சொல்லைக் கேட்டுப் பொருளைக் கொட்டுவதற்குப் பெயர் மூடநம்பிக்கை என்றால், அந்த ஊரிலேயே பெரிய மூடநம்பிக்கைக்காரன் நான்தான்.

இதற்கிடையில், பத்தாம் வகுப்பில் ஒரு மாணவியின் இடம் வெறுமையாகக் கிடந்தது. தன் குடும்பத்தில் பத்தாம் வகுப்பை எட்டிய முதற்பெண். கணக்கில் கெட்டிக்காரி. பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருக்க, எட்டு நாட்களாக அவள் வரவில்லை. காய்ச்சலாம் என்றனர் தோழியர். எட்டு நாள் காய்ச்சலா? பதினோராம் நாள் மாலை, அவள் வீட்டிற்கு நடந்தேன்.

காய்ச்சல் இல்லை. மூலையில் உட்கார்ந்து, அடுப்பொளியில் அறிவியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் பாட்டி. "இனிமே அனுப்ப மாட்டேன், வாத்தியாரே" என்றார், என் முகத்தைப் பாராமலே. ஏன் என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"போன வருசம் அந்த மரத்துலதான் எம் மவன் மொளகு பறிக்க ஏறினான். ஒத்த மூங்கில் ஏணி. வழுக்கிடுச்சு. இப்ப அதே எடத்துல ரெண்டு கண்ணு. பொழுது சாஞ்சா தெறக்குது, கோழி கூவுனா மூடுது. அவம் பொண்ணு அந்த வழியாத்தான் போறா. புள்ளயத்தான் பாக்குறான். கூட்டிக்கிட்டுப் போயிட்டான்னா நான் என்ன செய்வேன்? ஒங்ககிட்ட சொல்லலாமுன்னா, டீக்கடையில நீங்க சிரிச்சீங்களாமே!"

தோழர்களே, மேடைகளில் நான் பேசிய சொற்களெல்லாம் அந்த வாசற்படியில் என்னைக் கைவிட்டன. பாதியில் தேநீரை வைத்துவிட்டுப் போனவர், இந்த அம்மையாரின் தம்பி. நான் நகைத்தது பேயைப் பார்த்தன்று. மகனை இழந்த ஒரு தாயின் துயரைப் பார்த்து. தலை கவிழ்ந்து நின்றேன். அந்த நேரத்தில்தான் பாட்டியின் சொற்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. மரத்தடி. இரண்டு கண்கள். சிவப்பு. பொழுது சாய்ந்தால் திறக்கும். கோழி கூவினால் மூடும்…

அந்த மரத்தடியில் பொழுது சாயும்போது வந்து நிற்பது என்ன? என் கார்! கோழி கூவும் நேரத்தில் உயிர் விடுவது என்ன? என் பேட்டரி!

பேருந்து ஓட்டுநர் கத்தியதன் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று. ஊரார் ஓர் உண்மையின் ஒரு பாதியைப் பார்த்தார்கள். நான் மறுபாதியைப் பார்த்தேன். இரண்டையும் சேர்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: "நீங்கள் கண்டது என்ன, சொல்லுங்கள்?" அந்தக் கேள்வி எழ வேண்டிய இடத்தில்தான் என் சிரிப்பு எழுந்தது.

"என்னோடு வருகிறாயா, அம்மா?" என்றேன் மாணவியிடம். பாட்டி மறுத்தார், பிறகு, தம்பியையும் உடன் அனுப்பி இசைந்தார். பள்ளத்துப் பாதைக்கு வந்து நிமிர்ந்தோம். பனிமூட்டத்துக்குள், காப்பிச் செடிகளுக்கு மேலே, கனன்றுகொண்டிருந்தன இரண்டு செந்நிறக் கண்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவை என் காரின் விளக்குகள் என்று அறிந்த பின்னும், என் முதுகுத்தண்டு ஒருமுறை சிலிர்த்தது.

மேலே ஏறி, காரின் பின்னால் நின்றோம். சாவி என் சட்டைப் பையில். கதவு பூட்டியிருந்தது. ஆனால் விளக்கு எரிந்தது. "ஐயா, இந்த விளக்கு எப்போது எரிய வேண்டும்?" என்றாள் மாணவி. பதினொரு நாளாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது! பிரேக்கை மிதிக்கும்போது எரிய வேண்டும் என்றேன். "அப்படியானால், யாரும் மிதிக்காமலே மிதித்ததாக அது எண்ணிக்கொண்டிருக்கிறது. அதற்கு அப்படிச் சொல்வது எது, ஐயா?"

கைவிளக்குடன் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தலையை நுழைத்தேன். மிதிகட்டையின் தண்டுக்கு மேலே சிறியதொரு சுவிட்சு. அதன் முனையில், வில்லால் உந்தப்பட்டு நீண்டு நிற்கும் ஒரு சிறு முளை. காலை எடுத்திருக்கும்போது, மிதிகட்டையின் தண்டு அந்த முளையை உள்ளே அழுத்தி வைத்திருக்கும்; விளக்கு அணைந்திருக்கும். மிதித்தால் தண்டு விலகும், முளை வெளியே வரும், விளக்கு எரியும். சாவியை எடுத்துவிட்டாலும் பல கார்களில் இந்த விளக்கிற்கு மின்சாரம் உண்டு. என் காரில் முளை நேராக நீண்டு, தண்டில் இருந்த ஒரு துளைக்குள் புகுந்து நின்றது! துளையை மூடியிருக்க வேண்டிய, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் வில்லை அங்கே இல்லை. விரலால் முளையை உள்ளே அழுத்தினேன்.

"அணைந்துவிட்டது, ஐயா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் குரலில் எட்டு நாள் அச்சமும் உடைந்து சிதறியதைக் கேட்டேன். விரலை எடுத்தேன். "எரிகிறது!" மீண்டும் அழுத்தினேன். "அணைந்துவிட்டது!" நான்கைந்து முறை செய்தோம். தேவை இல்லைதான், ஆனால் விடமுடியவில்லை.

காணாமற்போன வில்லை எங்கே? பழுத்து, நொறுங்கி, துண்டு துண்டாகக் கால்மிதியில் விழுந்திருந்தது. அந்தத் துண்டுகளைச் சென்ற வாரமே நான் பார்த்தேன். குப்பை என்று தட்டிவிட்டேன்! வகுப்பில் நான் பெருமையோடு சொல்லும் பாடம் ஒன்று உண்டு. இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர், 1863ஆம் ஆண்டு சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையிலெடுத்தார். வெறுங்கல் என்று எறியவில்லை. மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டார். இந்நாட்டு மனிதனின் வரலாறு பல ஆயிரம் ஆண்டுகள் பின்னே நீண்டது. அந்த அறிஞர் பின்னாளில் வாழ்ந்தது இதே ஏற்காட்டில்தான். அவர் கதையைச் சொல்லித் தரும் ஆசிரியன், தன் காலடியில் கிடந்த தடயத்தைத் தட்டிவிட்டான். சொல்லிக் கொடுப்பது வேறு, கற்றுக்கொள்வது வேறு!

பள்ளியில் உடைந்து கிடந்த மேசையிலிருந்து ஒரு சிறு போல்ட்டும் நட்டும் கழற்றி வந்து, அந்தத் துளையில் செருகி முறுக்கினேன். போல்ட்டின் தலை முளையை அழுத்தியது. விளக்கு அணைந்தது. மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. பிறகு நகரில் அதற்குரிய வில்லையையே வாங்கிப் பொருத்தினேன். புதிய பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அது தூசு.

மாணவி, கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியில் விரலால் கணக்கு எழுதினாள். ஒரு விளக்கு 21 வாட், இரண்டுக்கு 42. பேட்டரி 12 வோல்ட். ஆகவே மின்னோட்டம் 3.5 ஆம்பியர். பேட்டரியில் எழுதியிருந்த கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. வகுத்தால், பத்து மணி நேரம். "மாலை ஆறு மணிக்கு நிறுத்துகிறீர்கள். விடியற்காலை நான்கு மணி! ஆயா சொன்ன கோழி கூவும் நேரம், ஐயா!" பேட்டரியின் வயதும் குளிரும் கணக்கைச் சற்று முன்பின் தள்ளும், எனினும், பேய் கண்ணை மூடும் நேரத்தைப் பெருக்கல் வகுத்தலால் கண்டுபிடித்த ஒரு பெண்ணை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

கார் வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு சொல். நிறுத்திய பின்னும் விளக்கு எரிந்தால், பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள். முதலில் இறங்கி, வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். எரிவது எந்த விளக்கு என்று பாருங்கள். முகப்பு விளக்கா? புதிய கார்கள் சிலவற்றில், நீங்கள் வீட்டு வாசலை அடையும்வரை அது தானே எரிந்து தானே அணையும். சற்றுப் பொறுத்துப் பாருங்கள். அணையவில்லையா? சுவிட்சையும் ரிலேயையும் ஐயுறுங்கள். ரிலேயின் உள்ளே, காந்தத்தால் இழுக்கப்பட்டு ஒட்டி விலகும் தகடுகள், தீப்பொறியால் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. ஒரு பக்கத்துச் சிறுவிளக்கு மட்டும் எரிகிறதா? சில கார்களில், நிறுத்திய பின் திசைகாட்டும் விளக்கின் பிடியை ஒருபுறம் தள்ளி விட்டிருந்தாலே அப்படி எரியும். உள்விளக்கா? கதவோ டிக்கியோ சரியாக மூடவில்லை. பின்னால் சிவப்பு விளக்கா? என்னைப்போல் மிதிகட்டைக்குக் கீழே குனியுங்கள். ஒன்றும் பிடிபடவில்லை என்றால், அந்த விளக்கிற்குரிய பியூசைக் கழற்றிப் பாருங்கள். அன்றிரவைக் கடத்தப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வையுங்கள். நேர்முனையை முதலில் தொடாதீர்கள். திருகுகருவி வண்டியின் உடலில் பட்டால் பொறி பறக்கும். பியூசைக் கழற்றியோ, பிரேக் விளக்கு பழுதாகவோ மலைப்பாதையில் இறங்காதீர்கள். எப்போதும் எரியும் எச்சரிக்கை விளக்கும் ஒருபோதும் எரியாத விளக்கும் ஒன்றே. பின்னே வருபவனுக்கு இரண்டும் எதையும் சொல்வதில்லை. அந்த வளைவில் நான் பிழைத்தது பேருந்து ஓட்டுநரின் திறமையால்.

மறுநாள் அந்தியில் பாட்டியை அழைத்து வந்தேன். விளக்கங்கள் எதுவும் சொல்லவில்லை. "முதலில் என்னை மன்னித்துவிடுங்கள், அம்மா" என்றேன். பிறகு, தன் கையாலேயே மிதிகட்டையை அழுத்தச் சொன்னாள் பேத்தி. அழுத்தினார், பின்னால் பனியில் செவ்வொளி பரவிற்று. கையை எடுத்தார், இருள். இன்னொரு முறை அழுத்தி, பேத்தியைப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, பின்னால் வந்து நின்று அந்த இரண்டு விளக்குகளையும் நெடுநேரம் பார்த்தார்.

"அவன் இல்லைன்னு ஆயிடுச்சு" என்றார் மெல்ல. "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா பதினோரு நாளு வந்துட்டுப் போனானேன்னும் இருந்துச்சு. போதும் கண்ணு, கைய எடு."

பகுத்தறிவு ஓர் அச்சத்தை அகற்றும்போது, அதனோடு ஒட்டியிருந்த ஆறுதலையும் அகற்றிவிடுகிறது. அதனால் அகற்றக்கூடாதா? அகற்றத்தான் வேண்டும், அந்தப் பெண் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அகற்றுகிறவன், அந்த வெற்றிடத்தில் வேறொன்றை வைக்கக் கடமைப்பட்டவன். வெறும் சிரிப்பை வைத்துவிட்டுப் போகக்கூடாது.

அந்த இரவு எனக்கு உறக்கமில்லை. என் கார் விளக்கிற்கு 'ஏன்' கேட்டுவிட்டேன். அந்த மனிதர் விழுந்ததற்கு 'ஏன்' கேட்டவர் யார்? ஒற்றை மூங்கில் ஏணி; இடுப்பில் கயிறில்லை; பனி நனைத்த மரம். 'விதி' என்றது ஊர். 'மரத்தில் முனி' என்றது இன்னொரு வாய். கூலி கொடுத்து ஏற்றிவிட்ட தோட்டத்துக்கு அந்தப் பேச்சு எவ்வளவு வாய்ப்பாகப் போயிற்று! பேயின்மீது பழி விழுந்தால், ஏணியின்மீது விழாது. ஏணி தந்தவர்மீதும் விழாது. வேலையின்போது உயிரிழந்தவர் குடும்பத்திற்கு இழப்பீடு உண்டு என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு இந்நாட்டில் விதி இருக்கிறது. அதனை அந்த வீட்டு வாசலில் சொன்னவர் ஒருவருமில்லை. அவர் மகள் படித்த பள்ளியின் ஆசிரியனும் சொல்லவில்லை. அவன் தேநீர்க்கடையில் பேயை வென்றுகொண்டிருந்தான்!

மறுவாரம் ஒரு மனு எழுதினோம். சொல்லச் சொல்ல எழுதியவள் அந்த மாணவி. இறந்த நாள், மரத்தின் உயரம், ஏணியின் வகை, உடனிருந்தோர், பெற்றுவந்த கூலி என்று ஒவ்வொன்றாய். விளக்கைத் தேடியபோது கேட்ட அதே முறையில், கண்டது என்ன, நடந்தது எப்படி, காரணம் எது என்று. பாட்டி கைநாட்டு வைத்தார். சேலத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை படியேறத்தான் போகிறோம்.

அந்த மாணவி இப்போது நாள்தோறும் வகுப்புக்கு வருகிறாள். இருட்டிய பின் பள்ளத்துப் பாதையில், தோழியரோடு உரக்கப் பேசியபடி போகிறாள். நான் காரை நிறுத்தியதும் ஒருமுறை பின்னால் சென்று பார்க்கிறேன். விளக்கு அணைந்திருக்கிறதா என்று மட்டுமன்று. பாதையில் எவராவது நின்று, என்னிடம் சொல்ல அஞ்சும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்றும்.

தோழர்களே! அடுத்தமுறை எவரேனும் உங்களிடம் பேயைக் கண்டேன் என்றால், இல்லை என்று சொல்லுமுன், எங்கே, எப்போது, எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் கண்டது பேயாக இராது. ஆனால், எதையோ கண்டிருப்பார்.